புழுக்கமான வெயிலுக்கு ஏற்ற முகக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த நாளில் முகக்கவசம் அணிந்து வெளியே போய்வந்தவர்களுக்கு அந்த அவஸ்தை எந்த வரிசையில் வரும் என்பது நன்றாகத் தெரியும். முதல் பத்து நிமிடங்களில் ஒன்றும் தோன்றாது. பிறகு மேலுதட்டில் வியர்வை அரும்பும். மூக்கின் இரு பக்கமும் துணி ஒட்டத் தொடங்கும். அரை மணி நேரம் ஆவதற்குள், மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நனைந்த துணி உதட்டில் வந்து படியும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஆசுவாசப்படுத்திக்கொள்கிறோம். தாடையில் தொங்கும் கவசம் எவ்வளவு உயர்ந்த தரச் சான்று பெற்றிருந்தாலும் பயன்படாது என்பதால், புழுக்கமான நாள்களில் வசதியைப் பார்த்து வாங்குவதைச் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது.

வசதி என்றதும் மெல்லியதாக இருந்தால் போதும் என்றே தோன்றும். நானும் நெடுநாள் அப்படி நினைத்து, ஒற்றை அடுக்குத் துணிக் கவசங்களைத் தேடித் தேடி வாங்கினேன். அவைதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டன. புழுக்கத்துக்கு முதல் காரணம் ஈரம். இரண்டாவது, துணி உதட்டையும் மூக்குத் துளையையும் தொடுவது. தடிமன் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால், மூன்று அடுக்குக் கவசம்கூட ஒற்றைத் துணியைவிட இதமாக இருக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

நாம் வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடும், நீராவியால் கிட்டத்தட்ட நிறைந்த நிலையிலும் வெளியேறுகிறது. சற்று வேகமாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை மூச்சாக விடுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 1,200 லிட்டர் காற்று கவசத்தைக் கடக்கிறது. அந்தக் காற்றில் இருக்கும் நீரைத் திரட்டினால் ஏறத்தாழ 45 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் தேறும். குளிர் நாள்களில் இந்த நீராவி சில்லென்ற துணியில் பட்டு நீர்த்துளிகளாகப் படிகிறது. வெயில் நாளில் துணியே வெதுவெதுப்பாக இருப்பதால் பெரும்பகுதி ஆவியாகவே வெளியேறிவிடும். அப்போது கவசத்தை நனைப்பது பெரும்பாலும் மூக்கு, கன்னம், மேலுதடு ஆகிய இடங்களில் சுரக்கும் வியர்வைதான்.

வறண்ட வெயிலில் அந்த வியர்வை விரைவில் ஆவியாகிவிடும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது அரை கிலோகலோரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்வதால், தோலும் குளிரும். ஈரப்பதம் மிகுந்த காற்றிலோ ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது. வியர்வை துணியிலேயே தங்கி, நூலிழைகளுக்கு இடையிலுள்ள துளைகளை நீர்ப்படலமாக மூடுகிறது. காற்று போகும் வழி சுருங்குவதால் மூச்சு இழுப்பது கடினமாகிறது. முகத்தின் தோல் வெப்பத்தை மிக நுட்பமாக உணரக்கூடியது என்பதால், கவசத்துக்குள் ஏறும் சிறு வெப்பமும் உடல் முழுவதும் கொதிப்பதைப் போன்ற உணர்வைத் தந்துவிடுகிறது.

எதற்காக அணிகிறீர்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி இது. தெருப்புழுதி மூக்கில் ஏறாமல் இருக்க வேண்டும், முகத்தில் வெயில் படக் கூடாது என்பவை மட்டுமே நோக்கமென்றால், இழை நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணியில் தைத்த கவசமே போதும். கூட்டமான, காற்றோட்டமில்லாத இடத்தில் தொற்றுக்கு அஞ்சி அணிகிறீர்கள் என்றாலோ, புகையும் நுண்தூசும் நிறைந்த காற்றில் நடக்க வேண்டியிருந்தாலோ, என்95 (அமெரிக்கத் தரம்), எஃப்எஃப்பி2 (ஐரோப்பியத் தரம்), கேஎஃப்94 (கொரியத் தரம்) போன்ற சான்று பெற்ற வகைகளுக்குப் போக வேண்டும். பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசு 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான அளவுடையது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால், சாதாரணத் துணி அதை ஏன் நிறுத்த முடியாது என்பது விளங்கும். வாகனப் புகையிலுள்ள வாயுக்களையும் நாற்றத்தையும் இவற்றில் எதுவும் தடுக்காது; அதற்கான வடிகட்டிகள் வேறு வகையைச் சேர்ந்தவை.

திறந்தவெளியில், அருகில் யாரும் இல்லாமல், சுத்தமான காற்றில் நடக்கும்போது தொற்றுக்காகக் கவசம் அணிந்திருக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. கவசத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நுழையும் முன் அணிந்துகொண்டால், வியர்வை நனைக்கும் நேரமே பாதியாகக் குறைந்துவிடும். எந்தத் துணியும் தராத வசதியை இந்தச் சிறு திட்டமிடல் தரும்.

வடிவமே முதலில்

கண்ணாடி முன்னால் நின்று கவசத்தை அணிந்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்துப் பாருங்கள். துணி உள்ளே வந்து மூக்குத் துளையில் அமர்ந்தால், வியர்த்த பிறகு அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உதட்டுக்கும் துணிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு வெளி இருந்து, மூச்சை இழுக்கும்போதும் அந்த வெளி மறையாமல் இருக்கும் வடிவமே புழுக்கத்துக்கு உகந்தது. படகைக் கவிழ்த்ததுபோல் மூன்று மடிப்பாக விரியும் கேஎஃப்94 வடிவம், வாத்தின் அலகுபோல் முன்னே நீண்ட வடிவம், கிண்ணம் போன்ற வடிவம் ஆகிய மூன்றுக்கும் இந்தத் தகுதி உண்டு. மூன்றில் என் தேர்வு படகு வடிவம். கிண்ண வடிவம் விறைப்பாக நின்றாலும் அதன் விளிம்பு வியர்த்த கன்னத்தில் வட்டமாகத் தடம் பதிக்கிறது. வாத்து அலகு வடிவத்தில் மூச்சு மிக எளிது, ஆனால் பையில் வைத்து எடுத்தால் சிலவற்றின் முன்பகுதி நசுங்கிப் பழைய நிலைக்கு வர மறுக்கிறது.

இவ்வடிவங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வாங்குவோர் பலரும் அதைக் கவனிப்பதில்லை. முன்னே விரிந்து நிற்கும் கவசத்தில் வடிகட்டும் பரப்பு அதிகம். நீங்கள் இழுக்கும் காற்றின் அளவு மாறப்போவதில்லை. அதே காற்று அதிகப் பரப்பின் வழியாகப் பகிர்ந்து வருவதால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் தடை குறைந்து மூச்சு இலகுவாகிறது. ஆகையால் ஒரே துணியில் இரண்டு அளவுகள் கிடைத்து, இரண்டும் இடைவெளியில்லாமல் முகத்தில் பொருந்துமானால், பெரியதை எடுப்பதே நல்லது.

தட்டையான மடிப்புக் கவசமே கையில் இருக்கிறது என்றால், அதையும் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். மடிப்புகளின் வாய் வெளிப்புறத்தில் கீழ்நோக்கி இருக்கும்படி அணிந்து, மேலும் கீழும் இழுத்து மடிப்புகளை முழுவதுமாக விரித்து, மூக்குக் கம்பியை இரு கைகளின் விரல்களாலும் அழுத்தி வளைத்துவிட்டால், வாய்க்கு முன்னால் சிறு கூடாரம் போன்ற வெளி உருவாகும். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் சட்டங்களும் விற்கின்றன. அவை துணியை உதட்டிலிருந்து விலக்குவது உண்மைதான். ஆனால் பல சட்டங்கள் கன்னத்தோரம் விளிம்பைத் தூக்கி இடைவெளி உண்டாக்கிவிடுகின்றன. விளிம்பைத் தொடாமல் உள்ளேயே அடங்கும் சிறிய சட்டமென்றால் மட்டும் வாங்கலாம்.

வால்வு வைத்த கவசங்கள் வெப்பத்துக்கு மிக இதமானவை. மூச்சை விடும்போது வால்வு திறந்து, சூடான ஈரக்காற்று நேராக வெளியேறிவிடுகிறது. ஆனால் அந்தக் காற்று வடிகட்டப்படாமலே போகிறது. புழுதியிலோ புகையிலோ தனியாக வேலை செய்பவருக்கு வால்வு வரப்பிரசாதம். இருமலோடு கூட்டத்துக்குள் போகிறவர் அதை அணிந்தால், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போதிய பாதுகாப்பு இராது.

தடிமனும் வடிகட்டும் திறனும்

நன்றாக வடிகட்டும் கவசம் மூச்சை அடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. துணிக் கவசத்தைப் பொறுத்தவரை அது சரி, ஏனெனில் துணி பெரும்பாலும் இழைகளின் நெருக்கத்தாலேயே தூசியைத் தடுக்கிறது. என்95 வகைகளின் நடு அடுக்கு அப்படி வேலை செய்வதில்லை. உருக்கி ஊதித் தயாரிக்கும் பாலிப்ரொப்பிலீன் நுண்ணிழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் அந்த இழைகள் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இழைகள் நெருக்கமாக இருக்க வேண்டிய கட்டாயம் குறைவதால் காற்றுக்கு வழி தாராளமாகக் கிடைக்கிறது. மிகக் கடினமாகப் பிடிபடும் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை, நிமிடத்துக்கு 85 லிட்டர் என்ற பலத்த காற்றோட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதே என்95 சோதனை. எஃப்எஃப்பி2, கேஎஃப்94 இரண்டுக்கும் வரம்பு 94 விழுக்காடு. நான்கு மடிப்புப் பருத்தித் துணி இதில் பாதி வேலையைக்கூடச் செய்யாமலேயே மூச்சை அதிகமாக அடைக்கக்கூடும்.

மருத்துவமனைகளில் அணியும் அறுவைக் கவசங்களில் மூச்சுத் தடையைக் காட்டும் எண் உறையிலேயே கிடைக்கலாம். இஎன் 14683 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி முதல் வகையும் இரண்டாம் வகையும் சதுர சென்டிமீட்டருக்கு 40 பாஸ்கலுக்குக் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) குறைவான தடை உடையவையாக இருக்க வேண்டும். இரத்தம் போன்றவை தெறித்தாலும் ஊடுருவாத ஐஐஆர் வகைக்கு 60 பாஸ்கல் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். வெளியே போய்வருபவர் மீது அப்படி எதுவும் தெறிக்கப்போவதில்லை. எனவே உயர்ந்த வகை என்ற மயக்கத்தில் ஐஐஆர் வாங்குவதைவிட, இரண்டாம் வகையை வாங்கினால் மூச்சு சற்று எளிதாக இருக்கும்.

துணியின் குணம்

உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் துணிக் கவசங்களைப் பற்றி வெளியிட்ட அறிவுரை மூன்று அடுக்குகளைச் சொன்னது: முகத்தைத் தொடும் உள்ளடுக்கு பருத்தியைப் போல் நீரை உறிஞ்சுவதாகவும், வெளியடுக்கு பாலியெஸ்டர் போல் நீரை ஏற்காததாகவும், நடுவில் பாலிப்ரொப்பிலீன் போன்ற நெய்யாத துணியும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நோய்த் தடுப்பை எண்ணிச் சொன்ன இந்த அமைப்பு புழுக்கத்துக்கும் பொருந்துகிறது. சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும்; பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். மேலுதட்டு வியர்வையைப் பருத்தி உறிஞ்சிக்கொள்வதால் தோல் சிறிது நேரம் உலர்ந்திருக்கும். முழுவதும் பாலியெஸ்டரால் ஆன கவசத்தில் அந்த வியர்வை வழிந்து வாய்க்குள் உப்புக் கரிக்கும்.

கையிலிருக்கும் கவசம் எந்த வகை என்று தெரியவில்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கவசத்தை மேசைமேல் பரப்பி, விரல் நுனியால் ஒரு துளியை உள்பக்கம் வையுங்கள். நல்ல பருத்தியில் துளி இரண்டு மூன்று நொடிகளில் தட்டையாகி, ஓரம் விரிந்து, பளபளப்பை இழந்து துணிக்குள் மறையும். பிறகு கவசத்தைத் திருப்பி வெளிப்பக்கம் ஒரு துளி வையுங்கள். அது மணியாகத் திரண்டு நின்று, கவசத்தைச் சாய்த்ததும் உருண்டு ஓடினால் அடுக்கு வரிசை சரி. புதுப் பருத்தித் துணியில் கஞ்சியோ பூச்சோ இருந்தால் உள்பக்கத்திலும் துளி உருளும்; ஒருமுறை துவைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். பிறகு கவசத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளக்கின் உருவமே துளைகளின் வழியாகத் தெரிந்தால் அது வெயிலுக்கான வெறும் திரை.

ஸ்பாஞ்சு போன்ற நுரைக் கவசங்களும், தொட்டால் சில்லென்றிருக்கும் இழுவைத் துணிக் கவசங்களும் வெயில் காலத்துக்கென்றே விளம்பரமாகின்றன. நுரையில் காற்று தாராளமாகப் போகும், நுண்துகளும் அதோடு போகும். இழுவைத் துணி முதல் சில நிமிடங்கள் சில்லென்றிருந்து, பிறகு உடல் வெப்பத்துக்கு வந்து, முகத்தின் ஒவ்வொரு வளைவிலும் இறுக ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சில நிமிடங்களை நம்பி நான் மூன்று வாங்கினேன். மூன்றும் இப்போது மூக்குக்கண்ணாடி துடைக்கப் பயன்படுகின்றன. செம்பு, வெள்ளிப் பூச்சு என்று எழுதியிருப்பவற்றால் புழுக்கம் குறையாது. நிறத்தில் மட்டும் ஓர் உண்மை உண்டு: நேர் வெயிலில் நடப்பவருக்குக் கறுப்பைவிட வெள்ளையோ இளநிறமோ குறைவாகச் சுடும்.

பட்டை, கம்பி, மூக்குக்கண்ணாடி

மெல்லிய வட்ட ரப்பர்ப் பட்டை வியர்த்த காதுக்குப் பின்னால் அறுக்கும். தட்டையான, மெத்தென்ற பட்டையே நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டியிருந்தால், தலைக்குப் பின்னால் போகும் பட்டையோ, இரு காதுப் பட்டைகளையும் பின்கழுத்தில் இணைக்கும் கொக்கியோ காதுக்கு ஓய்வு தரும். மூக்குக் கம்பி மூக்கின் வடிவத்துக்கு வளைந்து அப்படியே நிற்க வேண்டும். அது தளர்ந்தால் சூடான மூச்சு மேலே ஏறிக் கண் எரியும், மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, ஈரத்தை உதறிவிட்டுத் துடைக்காமல் உலரவிட்டால், மெல்லிய சோப்புப் படலம் சில மணி நேரம் ஆவி படிவதைத் தடுக்கும். தாடி வைத்திருப்பவர்களுக்கு எந்த என்95 கவசமும் விளிம்பில் முழுமையாகப் பொருந்தாது.

வாங்கியதும் நேராக வெளியூர்ப் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் அணிந்துகொண்டு வேலை செய்யுங்கள். இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். படிக்கும்போது கவசம் மூக்கிலிருந்து நழுவினால் அளவு பொருந்தவில்லை என்று பொருள். நழுவும் கவசத்தை வெளியே இருக்கும்போது நிமிடத்துக்கொரு முறை கையால் தொட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

மாற்றிக்கொள்ள இன்னொன்று

இத்தனை பார்த்து வாங்கினாலும், ஈரப்பதம் மிகுந்த நாளில் எந்தக் கவசமும் ஒரு கட்டத்தில் நனையத்தான் செய்யும். விலை உயர்ந்த ஒன்றைவிடச் சுமாரான மூன்று மேலானவை என்று நான் கருதுவது இதனால்தான். நனைந்ததை மாற்ற வேண்டும் என்பது மருத்துவ அறிவுரையும்கூட. மணிக்கணக்கை எண்ணுவதைவிட, உள்ளடுக்கை விரலால் தொட்டுப் பார்த்து ஈரம் ஒட்டினால் மாற்றுவது சரியான அளவுகோல். மாற்றுவதற்கு முன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துச் சற்றே உலரவிட வேண்டும். வியர்த்த முகத்தில் உலர்ந்த கவசம் அணிந்தால் அது ஐந்து நிமிடத்தில் பழைய கவசத்தின் கதிக்கு வந்துவிடும். உலர்ந்தவற்றை ஒரு காகித உறையிலும், கழற்றியதை வேறோர் உறையிலும் வையுங்கள். ஈரக் கவசத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் மாலைக்குள் முடைநாற்றம் வந்துவிடும்.

கவசம் உரசும் இடங்களில் வியர்க்குருவும் பருவும் வருவது ஈரமும் உராய்வும் சேர்வதால். வெளியே கிளம்பும் முன் முகத்தை வெறும் நீரில் கழுவி, மெல்லிய ஈரப்பசைக் களிம்பு தடவி, அது நன்றாக உள்ளிறங்கிய பிறகு கவசம் அணியலாம். கவசம் மூடும் பகுதியில் ஒப்பனைப் பூச்சைத் தவிர்த்துவிடுவது தோலுக்கும் நல்லது, துணிக்கும் நல்லது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், தானாகக் கழற்ற இயலாதவர்களுக்கும் கவசம் அணிவிக்கக் கூடாது. ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் எந்த வகை தமக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தலைசுற்றல், குமட்டல், படபடப்பு தோன்றினால் வெப்பம் உடலைத் தாக்கத் தொடங்கியிருக்கிறது. கூட்டத்தை விட்டு விலகி, நிழலில் உட்கார்ந்து, கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ உடனடியாக மருத்துவ உதவி தேவை.

வீடு திரும்பியதும் துணிக் கவசத்தைச் சோப்பிட்டு, முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழையின் மேல் படலமாகப் படிந்து, பருத்தியின் உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். மணமூட்டிய சோப்புத் தூளின் மிச்சம் வியர்த்த தோலில் அரிப்பு தரும் என்பதால், இரண்டு முறை அலசுவது நல்லது. என்95 வகையையும் அறுவைக் கவசத்தையும் துவைக்கவோ சாராயக் கிருமிநாசினி தெளிக்கவோ கூடாது. இழையிலுள்ள மின்னூட்டம் போய்விடும், வெளித்தோற்றம் மட்டும் புதிதுபோலவே இருக்கும். துணிக் கவசத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நெசவு தளர்ந்து வெளிச்சம் கசிகிறது என்றால் மாற்றிவிடுங்கள்.